காலை ஆறு மணி ரேட்: பெட்ரோல் பங்க்கில் புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்கு

நெல்லைப் பக்கம் ஒரு பெட்ரோல் பங்க்கில் மேனேஜராகவோ கேஷியராகவோ சேர்ந்தால் முதல் வாரத்திலேயே காதில் விழும் கேள்வி இது: "என்ன அண்ணாச்சி, விலைய நீங்களாவே ஏத்திக்கிடுதியளா?" இல்லை. இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆகிய மூன்று அரசு கம்பெனிகளின் பங்க்குகளில் விலையைக் கம்பெனிதான் குறிக்கிறது. முதலாளிக்கே அதில் பத்து பைசா கூட்ட வழியில்லை. கம்பெனி சொன்ன விலை சொன்ன நிமிடத்தில் மிஷினிலும் போர்டிலும் பில்லிலும் ஒன்றாக இருக்க வேண்டும், அதற்குப் பணமும் லிட்டரும் ஒத்துப்போக வேண்டும். பங்க்கின் பொறுப்பு அவ்வளவுதான். ஆனால் புதிதாக வருகிறவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான்.

விலை எப்படி உருவாகிறது

பெட்ரோல் விலையை அரசு தன் கட்டுப்பாட்டிலிருந்து விட்டது 2010 ஜூனில். டீசல் விலையை விட்டது 2014 அக்டோபரில். அதன்பின் மாதம் இரண்டு தடவை, 1ஆம் தேதியும் 16ஆம் தேதியும், விலையைப் பார்த்து மாற்றினார்கள். 2017 மே 1 அன்று புதுச்சேரி உள்ளிட்ட ஐந்து ஊர்களில் தினசரி விலையைச் சோதனையாகத் தொடங்கி, ஜூன் 16 முதல் நாடு முழுக்கக் கொண்டுவந்தார்கள். நள்ளிரவில் விலை மாறுவதாகத்தான் முதலில் திட்டம். அந்த நேரத்தில் ஆள் வைத்து மிஷின் மிஷினாக மாற்ற முடியாது என்று டீலர்கள் எதிர்த்த பிறகு காலை 6 மணியானது.

தினசரி என்றால் தினமும் மாறும் என்று எண்ண வேண்டாம். 2022 மே 22க்குப் பிறகு 2024 மார்ச் நடு வரைக்கும் விலை கிட்டத்தட்ட அசையவே இல்லை. உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் ஏறியும் இறங்கியும் ஆடிய காலம் அது. பேப்பரில் விதி தினசரி, நடப்பில் கம்பெனிகளும் டெல்லியும் பார்த்து எடுக்கும் முடிவு. இதனால் புதியவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. மாதக்கணக்கில் மாறாத விலை ஒரு நாள் திடீரென்று மாறும்போது, மாற்றத் தெரிந்த ஆள் லீவில் இருப்பார்.

ஒரு லிட்டர் விலையை அடுக்கிப் பார்த்தால் இப்படி இருக்கும். சுத்திகரிப்பு ஆலை விலை அடியில். அதன்மேல் வண்டி வாடகை, மத்திய அரசின் கலால் வரி, டீலர் கமிஷன், கடைசியில் மாநில வாட் வரி. பெட்ரோலும் டீசலும் ஜிஎஸ்டியில் இல்லை. தமிழ்நாட்டில் வாட் இரண்டு பகுதியாக வருகிறது. 2021 ஆகஸ்டில் பெட்ரோல் வரியைக் குறைத்த பிறகு அதன் அளவு இது: பெட்ரோலுக்கு 13 சதவீதமும் லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசும், டீசலுக்கு 11 சதவீதமும் 9 ரூபாய் 62 காசும். கணக்குப் புரிய ஒரு தொகையை எடுத்துக்கொள்வோம். கமிஷன்வரை சேர்த்து பெட்ரோல் 79 ரூபாய்க்கு வந்து நிற்கிறது என்றால், 13 சதவீதம் 10.27. அதோடு 11.52 சேர்ந்தால் வாட் 21.79. விலை 100.79. டீசல் 74 ரூபாய்க்கு நின்றால், 8.14-உம் 9.62-உம் சேர்த்து 17.76 வாட், விலை 91.76. இதைக் காகிதத்தில் ஒரு தடவை போட்டுப் பார்த்தவருக்கு, 'ஏன் இவ்வளவு' என்று கேட்கும் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்வது சுலபம்.

டீலருக்கு இதில் கிடைப்பது பெட்ரோலுக்கு லிட்டருக்குச் சுமார் 4 ரூபாய், டீசலுக்குச் சுமார் 3 ரூபாய். 2024 அக்டோபர் கடைசியில் கமிஷனைக் கூட்டிய பிறகு வந்த நிலை இது. சம்பளம், கரண்ட், கார்டு மிஷின், ஆவியாகிப் போகும் பெட்ரோல் எல்லாம் இந்தக் காசுக்குள்தான் அடங்க வேண்டும். லிட்டருக்கு 45 காசு தவறாகப் போனால் கமிஷனில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

வரி கூடினால் விலை கட்டாயம் கூடும் என்றும் சொல்வதற்கில்லை. 2025 ஏப்ரலில் கலால் வரி லிட்டருக்கு 2 ரூபாய் ஏறியது. பங்க்கில் விலை ஏறவில்லை, கம்பெனிகளே தாங்கிக்கொண்டன. டிவியில் செய்தி பார்த்துவிட்டு ராத்திரியே கேன் கேனாக வந்து நிற்பவர்களிடம் இதைச் சொல்லலாம்.

பக்கத்துப் பங்க்கில் ஏன் வேறு விலை

வண்ணாரப்பேட்டையில் ஒரு விலை, களக்காட்டில் ஒரு விலை, அம்பாசமுத்திரத்தில் இன்னொரு விலை என்று சில பைசா வித்தியாசம் இருப்பது சகஜம். சரக்கு எந்த முனையத்திலிருந்து வருகிறது, பங்க் அங்கிருந்து எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்து வாடகை மாறும். வாடகை மாறினால் அதன்மேல் விழும் சதவீத வாட்டும் மாறும். ரோட்டுக்கு எதிரெதிரே இருக்கும் இரண்டு கம்பெனிகளின் பங்க்குகளில் பத்து இருபது பைசா முன்பின் இருப்பதும் இதே காரணத்தால்தான். பத்திரிகையில் வருவது பெரும்பாலும் சென்னை விலை. அதைக் கையில் வைத்துக்கொண்டு பாளையங்கோட்டையில் சண்டை போட வருகிறவரிடம் உங்கள் பங்க்கின் அன்றைய விலைச் செய்தியைக் காட்டினால் போதும்.

ஷெல், நயாரா, ஜியோ-பிபி போன்ற தனியார் கம்பெனிகள் தங்கள் விலையைத் தாங்களே குறிக்கும். அங்கே வித்தியாசம் ரூபாய்க் கணக்கிலும் வரலாம்.

செங்கோட்டை, புளியரை பக்கம் கதை வேறு. கேரளத்தில் பெட்ரோலுக்கு வாட் 30 சதவீதத்துக்கு மேல், டீசலுக்கு 22 சதவீதத்துக்கு மேல், அதோடு கூடுதல் செஸ்ஸும் உண்டு. ஆரியங்காவு இறங்கிவரும் வண்டிகள் இந்தப் பக்கம் வந்துதான் டேங்கை நிறைக்கும். எல்லைப் பக்கப் பங்க்கில் வேலை என்றால் இரண்டு மாநில விலையையும் தெரிந்து வைத்திருங்கள். கேரளத்தில் செஸ் ஏறிய மறுவாரம் உங்கள் விற்பனை கூடும், லோடு அதற்கேற்ப சொல்ல வேண்டும்.

முந்தின ராத்திரி

மறுநாள் விலை முந்தின ராத்திரியே டீலரின் போனுக்கும் கம்பெனியின் டீலர் தளத்துக்கும் வந்துவிடும். பதிவு செய்த எண் முதலாளியுடையதாக இருக்கும், அவர் திருச்செந்தூரில் இருப்பார், செய்தி உங்களுக்கு வந்து சேராது. பொறுப்பேற்ற அன்றே கேட்டு, மேனேஜர் எண்ணுக்கும் செய்தி வரும்படி செய்துகொள்ளுங்கள். வந்த விலையை நோட்டில் எழுதும்போது சாதா பெட்ரோல், டீசல், பிரீமியம் பெட்ரோல் மூன்றையும் தனித்தனியே எழுதுங்கள். எக்ஸ்பி 95, ஸ்பீடு, பவர் போன்ற பிரீமியம் சரக்கின் விலை சாதா பெட்ரோலுடன் அதே அளவில் மாற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 'பெட்ரோல் 20 காசு ஏறிச்சு, அதையும் 20 ஏத்து' என்று மனக்கணக்கில் போடுவது தப்பு.

ஆறு மணி வேலை

ஷிப்ட் மாறும் நேரத்தை ஆறு மணிக்கே வைத்துக்கொள்வது நல்லது. பழைய விலையின் விற்பனை பழைய ஷிப்டோடு முடியும், புது விலையின் விற்பனை புது ஷிப்டில் தொடங்கும். எட்டு மணிக்கு ஷிப்ட் மாற்றுகிற பங்க்கில் ஒரே ஆளின் கணக்கில் இரண்டு விலை கலந்து, மாதக் கடைசியில் யார் பணம் குறைந்தது என்று தெரியாமல் போகும்.

5.45க்கு ஒவ்வொரு மிஷினுக்கும் ஒரு ஆள் நிற்கட்டும். 6 மணிக்கு நடந்துகொண்டிருக்கும் வண்டியை முடித்துவிட்டு எல்லா நாசிலையும் கொக்கியில் மாட்டச் சொல்லுங்கள். நாசில் கையில் இருக்கும்போது மிஷின் புது விலையை எடுக்காது, அந்த விற்பனை பழைய விலையிலேயே முடியும். விலை தானாக மாறும் ஆட்டோமேஷன் உள்ள பங்க்கில்கூட இதனால்தான் ஐந்து மிஷினில் நான்கு மாறி ஒன்று மாறாமல் நிற்கும்.

எல்லா நாசிலும் மாட்டியதும், விலை மாறுவதற்கு முன், டோட்டலைசர் (நாசில் இதுவரை ஊற்றிய மொத்தத்தைக் காட்டும் மீட்டர்) ரீடிங் எடுங்கள். லிட்டர் ரீடிங்கும் ரூபாய் ரீடிங்கும் இரண்டையும். ஒருவர் படிக்க ஒருவர் எழுத வேண்டும். தனி ஆளாகப் படித்து எழுதும்போதுதான் 6-ம் 8-ம் இடம் மாறுகிறது.

இதைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும்? ஆறு மணிக்கு எடுக்க வேண்டிய ரீடிங்கை 6.40க்கு எடுத்தீர்கள், நடுவில் 260 லிட்டர் போயிருக்கிறது என்று வையுங்கள். விலை 35 காசு ஏறிய நாள் என்றால் பழைய ஷிப்டில் 91 ரூபாய் காரணமில்லாமல் கூடும். 2024 மார்ச் 15 போல 2 ரூபாய் குறைந்த நாள் என்றால் 520 ரூபாய் காரணமில்லாமல் குறையும், ராத்திரி ஷிப்ட் பார்த்த தம்பியின் சம்பளத்தில் பிடித்தம் என்று பேச்சு வரும். அவன் மேல் தவறே இருக்காது.

பிறகு விலை மாற்றம். ஆட்டோமேஷன் ஒழுங்காக ஓடும் பங்க்கில் கம்பெனி சர்வரிலிருந்து விலை நேரே மிஷினுக்கு இறங்கும். உங்கள் வேலை சரிபார்ப்பது மட்டும்: ஒவ்வொரு நாசிலின் டிஸ்பிளேயிலும் லிட்டர் விலையை நேரில் போய்ப் பாருங்கள். ஆபீஸ் கம்ப்யூட்டர் திரையில் புது விலை தெரிகிறது என்பதை நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. மழை நாளில், கரண்ட் போய் யூபிஎஸ் படுத்த நாளில், இணைப்பு அறுந்து திரையில் ஒன்றும் மிஷினில் ஒன்றும் இருக்கும்.

ஆட்டோமேஷன் இல்லாத பங்க்கிலும், இணைப்பு அறுந்த நாளிலும் மிஷினின் கீபேடில் பாஸ்வேர்டு போட்டு நாம்தான் மாற்ற வேண்டும். இங்கே வழக்கமாக நடக்கும் தவறு இரண்டு. ஒன்று, இலக்கம் புரண்டுபோவது. 92.61 என்று போட வேண்டியதை 92.16 என்று போட்டால் லிட்டருக்கு 45 காசு நஷ்டம், ஒரு நாளில் 3,000 லிட்டர் டீசல் போகும் நாசிலில் 1,350 ரூபாய். திருப்பிக் கேட்க யாரையும் பிடிக்க முடியாது. மாறாகக் கூடுதலாகப் போட்டுவிட்டால் அது அதிக விலைக்கு விற்ற குற்றம், கம்பெனி அபராதம்வரை போகும். இரண்டாவது, ஒரே மிஷினில் சாதாவும் பிரீமியமும் இருக்கும்போது விலையை இடம் மாற்றிப் போடுவது. இரண்டுக்கும் தீர்வு ஒன்றே: ஒருவர் போட்டதை இன்னொருவர் நோட்டைப் பார்த்து வாய்விட்டுப் படிக்க வேண்டும். அதன் பிறகு அந்த நாசிலின் முதல் பில்லை அடித்து, விலை, லிட்டர், தொகை மூன்றையும் பார்த்து, பில்லை அன்றைய நோட்டில் ஒட்டி வையுங்கள். பின்னால் ஏதாவது புகார் வந்தால் அந்தச் சின்னக் காகிதம்தான் உங்கள் சாட்சி.

மிஷின் முடிந்ததும் 5 லிட்டர் அளவைப் பாத்திரத்தில் டெஸ்டிங் அடித்து, சரக்கைத் திரும்ப அதே டேங்கில் ஊற்றுங்கள். டீசலைப் பெட்ரோல் டேங்கில் ஊற்றிவிட்டு மதியம் முழுக்க வாடிக்கையாளரிடம் பேச்சு வாங்கிய பங்க்குகள் உண்டு. 5 லிட்டருக்கு 25 மில்லி குறைவுவரை சட்டம் ஏற்கும். அதற்கு மேல் குறைந்தால் அந்த நாசிலை நிறுத்திவிட்டுச் சர்வீஸ் ஆளைக் கூப்பிட வேண்டும்.

ஷிப்ட் முடிவில் கணக்கு இப்படிப் போகும். ஒரு டீசல் நாசிலின் காலை ரீடிங் 4,18,236.40, மதிய ரீடிங் 4,19,071.90. வித்தியாசம் 835.50. டெஸ்டிங் 5 லிட்டர் கழித்தால் விற்பனை 830.50 லிட்டர். 92.61 விலைக்கு 76,912 ரூபாய் 61 காசு. ரொக்கம், கார்டு, யுபிஐ, கடன் சீட்டு நான்கும் சேர்ந்து இதற்கு வர வேண்டும்.

போர்டும் பில்லும்

வெளிப் போர்டை ஆறு மணிக்கு முன் மாற்றவும் கூடாது, பின் தள்ளவும் கூடாது. எல்இடி போர்டு என்றால் ரோட்டின் எதிர்ப்பக்கம் போய் நின்று பாருங்கள். எழுத்தின் ஒரு கோடு எரியாமல் போனால் 8 ஆனது 6 ஆகவோ 0 ஆகவோ தெரியும். 92.48 என்பது 92.40 ஆகிவிடும். எட்டு காசுதானே என்று நமக்குத் தோன்றும். டேங்க் நிறைய டீசல் போட்ட லாரி டிரைவருக்குத் தோன்றாது: "என்னல இது, போர்டுல ஒண்ணு, மிஷின்ல ஒண்ணு காட்டுது?" கோடு போன அன்று கையால் எழுதிய அட்டையை மிஷின் பக்கத்தில் கட்டிவிடுங்கள். கூடவே அன்றைய டென்சிட்டியையும் (சரக்கின் அடர்த்தி) எழுதி வையுங்கள். அதைக் கேட்கவும், பெட்ரோலின் சுத்தம் பார்க்கும் ஃபில்டர் பேப்பர் சோதனை கேட்கவும் வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு.

பில்லிங் மிஷினும், லாரி ஓனர்கள் டீசலுக்கு வைத்திருக்கும் கம்பெனி பிளீட் கார்டுக்கான மிஷினும் தனித்தனி விலை வைத்திருக்கும் பங்க்குகளில் மூன்றாவதாக அதையும் மாற்ற வேண்டும். மிஷினில் புது விலை, கார்டு மிஷினில் பழைய விலை என்றால் பில்லில் லிட்டர் வேறாக விழும், லாரி ஓனர் மைலேஜ் கணக்கில் டிரைவரைத் திட்டுவார். யுபிஐ ஸ்டிக்கருக்கு இந்தத் தொல்லை இல்லை, அது தொகையை மட்டும்தான் பார்க்கும்.

கடன் சீட்டில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். மினி பஸ், குவாரி டிப்பர், வாழைத்தார் லோடு ஏற்றும் லாரி, பிசான அறுவடைக்கு வரும் நெல் அறுப்பு மிஷின் என்று இந்தப் பக்கம் மாதக் கடனில் டீசல் அடிப்பவர்கள் நிறைய. சீட்டில் '60 லி' என்று மட்டும் எழுதி விட்டால், மாத நடுவில் விலை மாறியிருந்தால், எந்த விலை என்று மாதக் கடைசியில் பேரம் தொடங்கும். தேதி, நேரம், லிட்டர், லிட்டர் விலை, தொகை, வண்டி எண் ஆகிய ஆறும் இல்லாத சீட்டை வாங்க வேண்டாம். காலை 5.50க்கும் 6.10க்கும் அடித்த சீட்டு இரண்டு விலை என்பதால்தான் நேரம் அவசியம்.

விலையைத் தெரிந்துகொள்ள மற்ற வழிகள்

எந்தப் பங்க்கின் விலையையும் யாரும் போனில் பார்க்கலாம். இந்தியன் ஆயிலுக்கு ஆர்எஸ்பி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து, இடம் விட்டு, பங்க்கின் டீலர் கோடு எண்ணைச் சேர்த்து 92249 92249 என்ற எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும். பாரத் பெட்ரோலியத்துக்கு அதே எழுத்துகள், எண் 92231 12222. இந்துஸ்தான் பெட்ரோலியத்துக்கு ஹெச்பிபிரைஸ் (HPPRICE) என்பதை ஆங்கில எழுத்தில் சேர்த்து அடித்து, இடம் விட்டு, டீலர் கோடு எண்ணோடு 92222 01122. டீலர் கோடு என்னவென்று கேட்டு வருகிறவர்களுக்காக அதைப் பங்க்கில் கண்ணில் படும் இடத்தில் எழுதி வையுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் 'நாளை விலை' படங்களை நம்பி எதையும் மாற்ற வேண்டாம்.

வாடிக்கையாளரிடம் இன்னும் இரண்டு நம்பிக்கைகள் ஊறிப்போய் இருக்கின்றன. 100க்குப் பதில் 110 ரூபாய்க்குப் போட்டால் அளவு சரியாக வரும் என்பது ஒன்று. மிஷின் அளப்பது லிட்டரை, தொகை அதன் பெருக்கல்தான். சந்தேகம் உள்ளவருக்கு 5 லிட்டர் பாத்திரத்தில் அளந்து காட்டுங்கள், வாதம் வேண்டாம். காலையில் குளிர்ச்சியாக இருக்கும்போது போட்டால் கூடக் கிடைக்கும் என்பது இரண்டாவது. டேங்க் மண்ணுக்கடியில் இருக்கிறது, அங்கே காலைக்கும் மதியத்துக்கும் வெப்பம் சொல்லும்படி மாறாது.

விலையும் ஸ்டாக்கும்

விலை மாறும்போது டேங்கில் கிடக்கும் சரக்குக்கு நஷ்டமும் லாபமும் டீலருடையது. 10,000 லிட்டர் இருக்கும்போது 20 காசு ஏறினால் 2,000 ரூபாய் வரவு, இறங்கினால் அதே அளவு போகும். சின்ன ஏற்ற இறக்கங்கள் வருடத்தில் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். கலால் வரியைக் குறைக்கும் நாள்தான் அடி. 2022 மே 21 சனிக்கிழமை மாலை டீசலுக்கு 6 ரூபாயும் பெட்ரோலுக்கு 8 ரூபாயும் கலால் குறைந்ததாக அறிவிப்பு வந்தது, ஞாயிறு காலை விலை இறங்கியது. ஞாயிற்றுக்கிழமைக்கென்று சனிக்கிழமையே டேங்கை நிறைத்துவைப்பது பங்க்குகளின் வழக்கம். 12,000 லிட்டர் டீசல் வைத்திருந்தவருக்கு வரியில் மட்டும் 72,000 ரூபாய் போனது. 2021இல் அதே மாதிரிக் குறைப்பு தீபாவளிக்கு முந்தின நாள் வந்தது, அன்றும் டேங்குகள் நிறைந்திருந்தன.

இதைத் தடுக்க முழு வழி இல்லை. பட்ஜெட் நேரத்திலும், வரி குறையும் என்று பேச்சு பலமாக அடிபடும் நாட்களிலும் இரண்டு மூன்று நாள் விற்பனைக்கு மேல் நிறைத்து வைக்காமல் இருக்கலாம். அதற்காகக் காலியாக விடுவதும் ஆபத்து, சரக்கில்லாமல் பங்க்கை மூடினால் கம்பெனி கேள்வி கேட்கும், வாடிக்கை பக்கத்துப் பங்க்குக்குப் பழகிப்போகும். நாலு வழிச் சாலைப் பங்க் என்றால் சனி, ஞாயிறு டீசல் விற்பனையைத் தனியாக எழுதி வந்தால் எவ்வளவு போதும் என்று ஒரே மாதத்தில் பிடிபடும்.

ஸ்டாக்கைச் சரிபார்க்க டிப் எடுக்கும் (டேங்கில் கோல் விட்டுச் சரக்கின் உயரத்தை அளக்கும்) நேரமும் ஆறு மணியே, ரீடிங் எடுக்கும்போதே ஒருவர் டேங்கில் டிப் பாருங்கள். விலை மாறிய நாளின் லாப நஷ்டத்தை முதலாளி கேட்டால் இந்த டிப் இல்லாமல் சொல்ல முடியாது. சித்திரை வெயிலில் வரும் பெட்ரோல் லோடில் இன்னொன்றும் உண்டு: ஆயிரம் லிட்டருக்கு ஒரு டிகிரி வெப்பம் குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் சுருங்கும். ரோட்டில் காய்ந்து வந்த 12,000 லிட்டர் மண்ணுக்கடியில் இறங்கி 5 டிகிரி குளிர்ந்தால் 60 லிட்டர் காணாமல் போன மாதிரி தெரியும். டிரைவர் மேல் சந்தேகப்படுவதற்கு முன் லாரியில் டென்சிட்டியும் வெப்பமும் எடுத்து, 15 டிகிரிக்கு மாற்றிய டென்சிட்டியை சலானோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் 3 புள்ளிக்குள் (கனமீட்டருக்கு 3 கிலோ) என்றால் இறக்கலாம். மேலே போனால் வால்வைத் திறக்காமல் கம்பெனியின் சேல்ஸ் ஆபீசருக்குப் போன் போடுங்கள், இறக்கிய பிறகு சொன்னால் எடுபடாது.